மாப்பிள்ளை எந்தக் கம்பெனி?

போன வாரம் முழுக்க என் விரல்களில் பசை. சாதம் பிசைந்தால் பசை வாசனை. காபி டம்ளரை எடுத்தால் டம்ளர் கையோடு வருகிறது, கீழே வைத்தால் விட மறுக்கிறது. இதை டைப் செய்யும்போதுகூட கீபோர்டில் ஒரு பட்டன் ஒட்டிக்கொண்டு, நான் கேட்காமலே ஒரே எழுத்தை நாலு தடவை போடுகிறது.

அப்படி என்ன செய்தேன் என்கிறீர்களா? கல்யாணப் பத்திரிகைகளில் ஸ்டிக்கர் ஒட்டினேன். விரல் நீளத்துக்குத் தங்க நிறத்தில் ஒரு பட்டை. அதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ஒன்று, பெண் பெயருக்குக் கீழே ஒன்று.

அந்தப் பட்டை எதை மறைக்கிறது என்பதுதான் இந்த வாரக் கதை. அந்த ஒற்றை வரியால் ஒரு கல்யாணமே நின்றுபோக இருந்தது.

மாப்பிள்ளை பிரவீன், என் அக்கா மகன். இரும்புலியூரில் வீடு. வயது இருபத்தொன்பது. ஐ.டி.யில் வேலை. எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லாரும் அதைக் கேட்டதால்தான் இவ்வளவு வினையும்.

ஏழு வருஷத்தில் அஞ்சு கம்பெனி பார்த்தவன் பிரவீன். சேரும் முதல் நாளே ஒவ்வொரு கம்பெனியும் அவனுக்கு ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டி-ஷர்ட், ஒரு காபி கப் கொடுக்கும். 'வெல்கம் கிட்' என்று பெயர். அந்தக் காலத்தில் பெண் வீட்டுச் சீர் வந்து இறங்கியதுபோல அக்கா வீட்டில் இவை வருஷா வருஷம் வந்து இறங்கும்.

அக்கா எதையும் வீணாக்க மாட்டாள். முதல் கம்பெனி டி-ஷர்ட் இப்போது கேஸ் அடுப்பு துடைக்கிறது. இரண்டாவது கம்பெனி பையில் காய்கறி வருகிறது. மூன்றாவது கம்பெனி கப்பில் தயிருக்கு உறை ஊற்றுகிறாள். ஃப்ரிட்ஜைத் திறந்தால் கதவில் வரிசையாக அஞ்சு பாட்டில். நீலம், சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை. உன் மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நம்மால் சட்டென்று பதில் சொல்ல முடிகிறதா? அக்கா சொல்லிவிடுவாள் — "இப்ப வெள்ளை பாட்டில் கம்பெனி."

இந்த வெள்ளை பாட்டில் கம்பெனியில் இருந்தபோதுதான் ஜெனிஃபரின் ஜாதகம்... மன்னிக்கவும், நாங்கள் கிறிஸ்தவர்கள், ஜாதகம் கிடையாது. வந்தது பயோடேட்டாதான். ஆனால் ஜாதகம் பார்ப்பவர்கள் கட்டங்களைப் பார்ப்பதைவிட உன்னிப்பாக நாங்கள் பயோடேட்டாவைப் பார்ப்போம். 

பெண் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்துத் தெரு. ஜெனிஃபரும் ஐ.டி.தான். அவளுடைய அப்பா தேவசகாயம் சார், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் க்வாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்த அஞ்சாவது நிமிஷம் நமக்கு ஒரு தகவல் தெரிந்துவிடும்.

"முப்பத்து மூணு வருஷம்மா. ஒரே கம்பெனி. ஒரே கேட்டு. ஒரு நாள் லேட்டு கிடையாது."

பத்தாவது நிமிஷம் ஹாலில் மாட்டியிருக்கும் பெரிய கடிகாரத்தைக் காட்டுவார். ரிட்டயர் ஆன அன்று கம்பெனி கொடுத்தது. அதைக் காட்டும்போது மட்டும் எழுந்து நின்றுகொள்வார்.

இப்படிப்பட்டவருக்குப் பிரவீனின் அஞ்சு கம்பெனிக் கதை தெரியுமா? தெரியாது. பயோடேட்டாவில் அக்கா இப்போதைய கம்பெனியை மட்டும் போட்டிருந்தாள். பொய் இல்லை, சுருக்கம். வெள்ளை பாட்டில் கம்பெனி பெரிய கம்பெனி. அதன் கட்டடத்தைப் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம். தேவசகாயம் சார் அந்தக் கட்டடத்தைப் போய் ஒரு முறை பார்த்துவிட்டே வந்தார். மாடிகளை எண்ணிப் பார்த்தாராம். திருப்தி.

பத்திரிகை அச்சடித்தார்கள். நம் ஊர் பத்திரிகையின் இலக்கணம் உங்களுக்குத் தெரியும். பெயர், பட்டம், அதற்குக் கீழே கம்பெனியின் பெயர். மணமக்கள் முகவரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கம்பெனி பெயர் இருக்க வேண்டும். மாப்பிள்ளை பெண்ணைக் கல்யாணம் செய்கிறானா, கம்பெனி செய்கிறதா என்று எனக்கே சில பத்திரிகைகளில் சந்தேகம் வந்ததுண்டு. தேவசகாயம் சார் அந்தக் கம்பெனிப் பெயரைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். மகள் பெயரைவிடப் பெரிதாக.

இங்கேதான் ஜோயல் வருகிறான். தேவசகாயம் சாரின் அண்ணன் மகன். அவன் வேலை பார்ப்பதும் அதே கம்பெனி! பத்திரிகையைப் பார்த்ததும் பையனுக்கு ஒரே சந்தோஷம். நம்ம வீட்டு மாப்பிள்ளை நம்ம ஆபீஸா, மதியம் போய் ஒரு டீ குடிக்கலாமே என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிரவீன் பெயரைத் தேடியிருக்கிறான்.

அப்படி ஒரு ஆள் இல்லை.

எழுத்து மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறான். இல்லை. இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல்... இல்லவே இல்லை. நேராக சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டுவிட்டான்.

அன்று சாயங்காலமே தேவசகாயம் சாரின் ஸ்கூட்டர் அக்கா வீட்டு வாசலில் நின்றது. நானும் அங்கேதான் இருந்தேன், புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு. பொதுவாக அவர் அளந்து பேசுவார். கோபம் வந்தால் பீர்க்கன்கரணைப் பேச்சு வெளியே வந்துவிடும்.

"இன்னாம்மா இது? பையன் அந்தக் கம்பெனிலயே இல்லியாமே? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பேரே இல்லியாம். நான் ஊரு பூரா பத்திரிகை வெச்சிகினு வந்துட்டேன். யாரை ஏமாத்திகினு கீறீங்க?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். அத்தான் போய் ஆறு வருஷமாகிறது. இந்த மாதிரி சமயத்தில் முன்னால் நிற்க வீட்டில் நான்தான். "உக்காருங்க சார், ஒரு காபி..." என்று ஆரம்பித்தேன்.

"காபி வேணாம். மூணாவது ஓலை வர ஞாயித்துக்கெழமை. அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும். இல்லாட்டி நானே எழுந்து நின்னு சொல்லிடுவேன்."

இதை மற்ற வாசகர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் 'ஓலை' வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை சொல்ல யாருக்காவது நியாயமான காரணம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் சபை முழுக்கக் கேட்பார். இது வரை யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. பெண்ணின் அப்பாவே எழுந்தால்? இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மீதி ஒன்று. நடுவில் ஆறு நாள்.

ஸ்கூட்டர் போனதும் அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். எனக்குத் தண்ணீர் கொடுக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். இல்லை. பாட்டில்களை எண்ணினாள்.

ஆறு. ஓரத்தில் பச்சையாக ஒன்று நின்றது.

"நான் இது எங்கயோ ஃப்ரீயா குடுத்ததுன்னு நினைச்சேன்டி," என்று சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பிரவீன் வீட்டுக்கு வந்தான். தோளில் பச்சை எழுத்துப் போட்ட பை. யாருமே கவனிக்கவில்லை பாருங்கள், மூன்று வாரமாக அதைத் தூக்கிக்கொண்டுதான் போய் வந்திருக்கிறான்.

"ஆமா சித்தி, மாறிட்டேன். நல்ல சம்பள ஹைக் வந்துது."

"எப்ப?"

"ஜாயின் பண்ணி மூணு வாரம் ஆச்சு. ஆனா பேப்பர் போட்டது முன்னாடியே. தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட் இல்ல?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிச்சயதார்த்தத்தன்று தேவசகாயம் சார் பெருமையோடு அந்தக் கம்பெனியின் பெயரை நூறு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாரே... அன்றைக்கு மாப்பிள்ளை ராஜினாமா கொடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது!

"ஏன்டா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "சொல்லணும்னு தோணலை சித்தி. ஜெனிக்கு வாட்ஸ்ஆப்ல போட்டேனே."

"அவ என்ன சொன்னா?"

"தம்ஸ்-அப் போட்டா."

முடிந்தது. ஒருவனுடைய பிழைப்பே மாறுகிறது, அதற்கு ஒரு கட்டை விரல். இவர்கள் சிம் கார்டு மாற்றினாலாவது எல்லாருக்கும் மெசேஜ் போடுகிறார்கள் — 'இது என் புது நம்பர்' என்று. கம்பெனி மாற்றினால் அதுகூடக் கிடையாது.

நான் மட்டும் யோக்கியமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இருபத்தொன்பது வருஷம் ஒரே இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். விசுவாசம் என்றுதான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், இந்தப் பத்தியிலும் எழுதியிருக்கலாம். உண்மை என்ன தெரியுமா? எங்கள் ஆபீஸில் ஜன்னலோர சீட் சீனியாரிட்டிப்படிதான் கிடைக்கும். எனக்குக் கிடைக்கப் பதினோரு வருஷம் ஆனது. கிடைத்த மறுமாதம் வேறொரு நல்ல வேலைக்கு ஆர்டர் வந்தது. ஜன்னலைப் பார்த்தேன், ஆர்டரைப் பார்த்தேன். ஆர்டரை மடித்து டிராயரில் வைத்துவிட்டேன். அந்த ஜன்னல் வழியே தெரிந்ததெல்லாம் பக்கத்து ஆபீஸின் சுவர்.

அதனால் எனக்குப் பிரவீனைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் இன்னொன்று எனக்குத் தெரியும். ஆறு கம்பெனி மாற்றிய இந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து ஒரே சலூனில்தான் முடி வெட்டிக்கொள்கிறான். அந்தக் கடைக்காரர் ஊருக்குப் போனால் இவன் சாமியார் மாதிரி இரண்டு மாதம் திரிவான், வேறு கடைக்குப் போக மாட்டான். பைக் ரிப்பேருக்கு அஸ்தினாபுரத்தில் ஒரே மெக்கானிக். டீக்கு ஒரே கடை. எங்கேயும் நிலைக்காத பிள்ளை இல்லை இவன். கம்பெனிகளில் மட்டும்தான் இப்படி. ஏன்? அதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மூன்று பேரும் பீர்க்கன்கரணைக்குப் போனோம். பிரவீன் கையில் ஒரு ஃபைல். ஆறு கம்பெனியின் கடிதங்களும் தேதிவாரியாக. பாதி வழியில் அக்கா என் கையைப் பிடித்தவள், அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. ஜெனிஃபரை எங்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. முதல் நாளே அக்காவின் ஃப்ரிட்ஜைத் திறந்து "எந்த பாட்டில் ஆன்ட்டி கூலிங்கா இருக்கு?" என்று கேட்ட பெண்.

ஹாலில் கடிகாரத்துக்கு நேர் கீழே தேவசகாயம் சார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபைலைப் பிரித்தார். முப்பத்து மூன்று வருஷம் சரக்கைச் சோதித்துப் பார்த்த கை. ஒவ்வொரு கடிதத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரிஜினல்தான்," என்றார். அதில் அவருக்கு ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியவில்லை. "சரி. ஒவ்வொண்ணா சொல்லு. இத ஏன் விட்டே?"

"அங்கிள், இது ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு."

"இது?"

"மேனேஜர் சரியில்ல."

"இது?"

"ஆபீஸை சோழிங்கநல்லூர்லேர்ந்து அம்பத்தூருக்கு மாத்திட்டாங்க."

அவர் லேசாகத் தலையாட்டினார். இரும்புலியூரிலிருந்து அம்பத்தூர் என்றால் யாருக்கும் கோபம் வராது, பரிதாபம்தான் வரும்.

"இந்த மொத கம்பெனி? ரெண்டு வருஷம் இருந்துருக்கே. இத ஏன் விட்டே?"

பிரவீன் அம்மாவை ஒரு தடவை பார்த்தான்.

"நான் விடல அங்கிள். அவங்கதான் விட்டாங்க."

தேவசகாயம் சார் ஃபைலை மடியில் இறக்கிவைத்தார்.

"ஒரு செவ்வாய்க்கெழமை. மீட்டிங் ரூமுக்குக் கூப்ட்டாங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. டெஸ்க்ல அம்மா ஃபோட்டோ வெச்சிருந்தேன், ஒரு சின்ன செடி வெச்சிருந்தேன். எடுத்து பையில போடற வரைக்கும் செக்யூரிட்டி பக்கத்துலயே நின்னாரு. தினம் குட் மார்னிங் சொல்ற அண்ணன்தான். அவரு என்னைப் பாக்காம தரையைப் பாத்துக்கிட்டாரு. அடுத்த வேலை கிடைக்க மூணு வாரம் ஆச்சு. அம்மாகிட்ட சொல்லலை. தினம் லஞ்ச் எடுத்துக்கிட்டு தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்துல உக்காந்துட்டு வருவேன்."

அக்கா என் கையை இப்போதுதான் விட்டாள்.

"அந்த மூணு வாரமும் உனக்கு முட்டை பொரியல் வெச்சேனேடா... இளைச்சிட்டியேன்னு..." முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அந்த நாட்களில்தான் நான் என் பத்தியில் 'இன்றைய இளைஞர்களுக்கு வேலையில் பொறுமை இல்லை' என்று ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக இருப்பதாகச் சொல்லி எனக்கு நாலு பேர் ஃபோன் செய்தார்கள். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அதுக்கப்புறம் எந்த டெஸ்க்லயும் நான் ஃபோட்டோ வெக்கறதில்ல அங்கிள். பாட்டில் மட்டும்தான் வெச்சுக்குவேன்."

தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் அவர் மனசில் இருந்ததைக் கேட்டே விட்டார். "அதெல்லாம் சரிப்பா. உன் கஷ்டம் புரியுது. ஆனா எனக்கு ஒரே பொண்ணு. இப்பிடி டக்கு டக்குனு வுட்டுட்டு போற பழக்கம் ஒரு ஆளுக்கு வந்துடுச்சுன்னா... நாளைக்கு வூட்ல ஒரு பிரச்சனைன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியதில்லை. எல்லா அப்பாக்களுக்கும் இருக்கிற பயம்தான்.

உள்ளே இருந்து ஜெனிஃபர் வந்தாள். கையில் காபி ட்ரே எல்லாம் இல்லை, லேப்டாப்.

"அப்பா, அந்த முதல் கம்பெனி விஷயம் எனக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு மொட்டை மாடில தனியா பேசச் சொன்னீங்களே, அப்பவே சொன்னாரு. அதுக்கு முன்னாடி பாக்க வந்தவங்கல்லாம் சம்பளத்தைப் பத்திப் பேசினாங்க. இவரு ஒருத்தர்தான் வேலை போனதைப் பத்திப் பேசினாரு. அதனாலதான் ஓகே சொன்னேன்."

"அப்ப எனக்கு மட்டும்தான் இங்க ஒண்ணும் தெரியல," என்றார் அவர்.

"எனக்கும் தெரியாதுங்க," என்றாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இன்னொண்ணும் உங்களுக்குத் தெரியாதுப்பா," என்றாள் ஜெனிஃபர். குரல் கொஞ்சம் இறங்கியது. "நானும் பேப்பர் போட்டுட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்கு லாஸ்ட் டே."

சார் கையிலிருந்த கண்ணாடி நழுவி ஃபைல் மேல் விழுந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளையின் வரி மட்டும்தான் தப்பு என்று நினைத்திருந்தார். பெற்ற பெண்ணின் வரியும் தப்பு. க்வாலிட்டி இன்ஸ்பெக்டர் வீட்டிலிருந்து போன சரக்கு, மொத்தமும் டிஃபெக்ட்.

"நீ எதுக்கு விட்டே? உனக்கு இன்னா கொறை?"

"லீவு கேட்டேன்ப்பா. கல்யாணத்துக்கு நாலு நாள்தான் தர முடியும்னாங்க. அதான் வேலையை விட்டுட்டேன். அடுத்த கம்பெனில ஜாயினிங் டேட்டை மூணு வாரம் தள்ளி வாங்கியிருக்கேன்."

கேட்டுக்கொள்ளுங்கள். லீவு கிடைக்காவிட்டால் வேலையையே விட்டுவிட்டு, லீவு முடிந்ததும் வேறு வேலையில் சேர்ந்துகொள்கிறார்கள்! இருபத்தொன்பது வருஷத்தில் எனக்கு இந்த யோசனை ஒரு தடவையாவது வந்திருக்கக் கூடாதா? இல்லாத காய்ச்சலை வரவழைத்து, டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கி, பக்கத்து சீட்காரியைக் கும்பிட்டு... எத்தனை நாடகம் ஆடியிருக்கிறேன்!

அப்போதுதான் அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் கதவோரம் நின்ற ஜெனிஃபரின் அம்மா சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

"நம்ம கல்யாணத்துக்கு நீ எத்தினி நாளு லீவு போட்டே, சொல்லேன்," என்றார் கணவரிடம்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நாளு," என்று பதிலையும் அந்த அம்மாவே சொன்னார். "மூணாம் நாளு காலைல ஷிஃப்டுக்கு கெளம்பிட்டாரும்மா. நான் புதுப் பொடவை கட்டிகினு, யாருன்னே தெரியாத வூட்ல, மாமியார் மூஞ்சியும் நாத்தனார் மூஞ்சியும் பாத்துகினு உக்காந்துகினு இருந்தேன். இவ பொறந்தப்போ ஸ்டாக் எடுக்கறாங்கன்னு ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் வந்தாரு. கம்பெனியை முப்பத்து மூணு வருஷம் வுடல, வாஸ்தவம்தான். வூட்டுக்கு எத்தினி நாளு வந்தாருன்னு யாரு கேட்டா?" என்று என்னைப் பார்த்தார். பிறகு மேலே கை காட்டினார். "அந்தக் கடியாரம் கீதே, அதே கடியாரத்தை அன்னிக்கு கணக்கு பாக்க வந்த ஆடிட்டருக்கும் குடுத்தாங்க."

தேவசகாயம் சார் மகளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. மூன்று வாரம் லீவு வாங்கிக்கொண்ட பெண்ணை, இரண்டு நாள் லீவு போட்டவர் பார்த்த பார்வை அது.

"மூணு வாரமா?" என்றார்.

"மூணு வாரம்ப்பா."

"ரெண்டு பேருமா எங்கனா போய்ட்டு வருவீங்களா?"

"ஊட்டிக்கு ரூம் போட்டிருக்கோம் அங்கிள்," என்றான் பிரவீன்.

சார் ஃபைலை மூடி அவனிடம் கொடுத்தார். "நீ எத்தினி கம்பெனி வேணாலும் மாறு. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா மாறுன அன்னிக்கு எனக்கு ஒரு ஃபோனு பண்ணு. எவனோ கம்ப்யூட்டரைப் பாத்து சொல்லி நான் தெரிஞ்சிக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது மாமா."

அந்த 'மாமா' அங்கே எல்லார் காதிலும் விழுந்தது. ஜெனிஃபரின் அம்மா உள்ளே போய் அரிசி எடுத்துவைத்தார். எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நான் நிம்மதியாக ஆராதனைக்குப் போனேன் என்று நினைக்காதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக மனசு மாறாத அப்பா உண்டா? பெண்ணின் சபைக்கே போய் அவருக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். போதகர் மூன்றாவது ஓலையை எடுத்தார். இன்னார் மகன், இன்னார் மகள், இந்தச் சபை, அந்தச் சபை. கவனித்தீர்களா? ஓலையில் கம்பெனியின் பெயரே கிடையாது! கடவுளுக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை.

"தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால்..."

தேவசகாயம் சார் கனைத்தார்.

முன் வரிசை முழுக்கத் திரும்பியது. நான் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அக்கா நல்லவேளை தன் சபையில் இருந்தாள். சார் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "நேத்து தயிரு சேரல."

ஓலை முடிந்தது.

மீதி இருந்தது பத்திரிகை. இரண்டு வரியும் தப்பு. திருப்பி அச்சடிக்க நேரம் இல்லை. புதுக் கம்பெனிகளின் பெயரை ஸ்டிக்கரில் போடலாமா என்றேன். "கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் கீதே..." என்று சார் இழுத்தார். அவர் சந்தேகம் நியாயமானது. கம்பெனி பெயர் இல்லாமல் பத்திரிகையா, பையன் சும்மா இருக்கிறான் என்று நினைக்க மாட்டார்களா என்று அக்கா கவலைப்பட்டாள். சரி, வெறும் 'ஐ.டி. துறை' என்று மட்டும் போடலாம் என்றேன். பிரவீன் தலையைச் சொறிந்தான். "அதுவும் இப்ப கேரண்டி இல்ல சித்தி."

கடைசியில் வெறும் தங்கப் பட்டை என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க சார் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒட்டினோம். சார் முன்னால் நின்று கோணல் பார்த்தார். ஒரு பக்கம் நூலளவு ஏறியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏற்கெனவே கொடுத்த பத்திரிகைகளையும் அவர் விடவில்லை. ஸ்டிக்கர் கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் வண்டலூர், ஊரப்பாக்கம் என்று வீடு வீடாகப் போய், "அந்தப் பத்திரிகையை ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கி, ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்குப் போன பழுதுச் சரக்கைத் திரும்ப வாங்குவதற்கு அவர் பாஷையில் 'லாட் ரீகால்' என்று பெயர். முப்பத்து மூன்று வருஷ அனுபவம் வீண் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜோயலும் ஒட்ட வந்தான். பாவம், தன்னால்தான் இவ்வளவு கலாட்டா என்று அவனுக்குக் கூச்சம். ஐம்பது பத்திரிகை வரை தலை நிமிரவில்லை. பிறகு என் பக்கம் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தான்.

"ஆன்ட்டி... பிரவீன் மச்சான் இப்ப இருக்கற கம்பெனில ஏதாவது ஓப்பனிங் இருக்கான்னு கேட்டுச் சொல்றீங்களா? நேத்து நானும் பேப்பர் போட்டுட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. தேவசகாயம் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பழக்கத்தில் அவர் ஜோக் அடித்து நான் கேட்டதில்லை. அதனால் அது ஜோக்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"மிச்ச ஸ்டிக்கரை தூக்கிப் போட்டுடாதம்மா. இவன் கல்யாணத்துக்கு ஆவும்."